ஓட்டு இல்லாமல், நன்கொடை இல்லாமல் லாபியிங் செய்த அனுபவம்

2019 மார்ச்சில், வட கரோலினாவிலிருந்து நண்பர்கள் சிலர் காரில் கிளம்பி வாஷிங்டன் போனோம். போன வேலை, லாபியிங், அதாவது ஒரு சட்டத்துக்கு ஆதரவு கேட்டு மக்கள் பிரதிநிதிகளை அணுகுவது. எல்லாரும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள். எங்களுக்கு ஓட்டு கிடையாது. தேர்தல் நன்கொடை தருவதும் சட்டவிரோதம். குடிமக்களும் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி, உள்ளவர்களும்தான் தரலாம். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போய்க் கோரிக்கை வைக்க எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

கோரிக்கை இதுதான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் பொதுவாகப் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலக வேண்டியதுதான். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. இந்த உச்சவரம்பை நீக்கும் மசோதா, எச்.ஆர். 1044, பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்தது. கொண்டுவந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஸோயி லாஃப்கிரெனும் குடியரசுக் கட்சியின் கென் பக்கும்.

எங்களைக் கூட்டிப்போன அமைப்பு முந்தைய இரவே பயிற்சி கொடுத்தது. முதலில் ஊரையும் ஜிப் கோடு என்ற அஞ்சல் குறியீட்டையும் சொல்ல வேண்டும். சொந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: "இந்த மசோதாவின் இணை முன்மொழிவாளராகச் சேருங்கள்." கட்சி அரசியல் பேசக் கூடாது. நன்கொடை என்ற பேச்சையே அந்தக் கட்டடத்துக்குள் எடுக்கக் கூடாது.

ரேபர்ன், லாங்வொர்த், கேனன் என்று பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக இருக்கின்றன. மெட்டல் டிடெக்டரைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் உள்ளே நடமாடலாம். ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் அந்த மாநிலத்தின் கொடி. உறுப்பினரையே பார்ப்பது அபூர்வம்தான். எங்களைச் சந்தித்தவர் குடியேற்றம், விவசாயம், கல்வி எல்லாவற்றையும் தனியாளாகக் கவனிக்கும் உதவியாளர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உட்கார இடம் இல்லாததால் வராந்தாவில் நின்றபடியே பேசினோம்.

நான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். அந்த உதவியாளர் பரிவோடுதான் கேட்டார், ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்து எங்களோடு வந்த மருத்துவர் பேசினார். மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். "என் விசா நீட்டிப்பு ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் போதும், நான் கிளம்ப வேண்டியதுதான். அந்த ஊரில் எனக்குப் பதில் ஆள் கிடைக்காது" என்றார். பேனா உடனே ஓட ஆரம்பித்தது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, தொகுதியில் இவரைப் போல் எத்தனை பேர் என்று கேள்வி மேல் கேள்வி. வெளியே வந்ததும் எங்கள் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். எங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அவர்கள் தொகுதிக்கு என்ன நஷ்டம் என்று சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள். அதற்கப்புறம் போன எல்லா அலுவலகத்திலும் மருத்துவரையே முதலில் பேசவைத்தோம்.

பணத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. லாபியிங்குக்காக ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் செலவாகும் நாடு இது. பதிவு செய்த லாபியிஸ்டுகள் 1995ஆம் ஆண்டின் சட்டப்படி எந்தெந்த விஷயத்துக்காக வேலை செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று அறிக்கை தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த அறிக்கைகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் மசோதாவின் எண்ணைப் போட்டுத் தேடினேன். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் அதே மசோதாவுக்காக ஆள் வைத்திருந்தன. எங்கள் கதை போய்ச் சேர்ந்ததில் அவர்கள் திறந்துவைத்த கதவுகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஜூலை 10 அன்று மசோதா 365-65 என்று நிறைவேறியது. அலுவலகத்தில் இருந்தபடி நேரலையில் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

அப்புறம் காங்கிரஸின் இன்னொரு சபையான செனட். உட்டா செனட்டர் மைக் லீ அங்கே கொண்டுவந்த மசோதா எஸ். 386. வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். அந்த முறையில் நூறு பேரில் ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். கென்டக்கியின் ரேண்ட் பால் செவிலியர்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டார். இல்லினாய்ஸின் டிக் டர்பின், மொத்த எண்ணிக்கையை உயர்த்தாமல் வரிசையை மட்டும் மாற்றினால் மற்ற நாட்டவர் தவிப்பார்கள் என்றார். அந்த மற்ற நாட்டவரும் எங்களைப் போலவே அதே வராந்தாக்களில் நடந்து, தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கவலையும் நியாயமானதுதான். மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து உயர்த்துவதுதான் சரியான தீர்வு என்று இன்றும் நம்புகிறேன்.

பல திருத்தங்களுக்குப் பிறகு 2020 டிசம்பர் 2 அன்று செனட்டும் நிறைவேற்றியது. ஆனால் இரு சபைகளின் வடிவமும் ஒன்றாக இல்லை. அவற்றை இணைப்பதற்குள் 2021 ஜனவரி 3 அன்று அந்த காங்கிரஸின் இரண்டாண்டுக் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. 2022 டிசம்பரில் ஈகிள் சட்டம் என்ற பெயரில் இன்னொரு முயற்சி பிரதிநிதிகள் சபையின் வாக்கெடுப்பு வரை வந்து, கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. என் மகளுக்கு 21 முடிந்து, இப்போது மாணவர் விசாவில் படிக்கிறாள்.

இப்போது நான் பெரும்பாலும் போவது உள்ளூரில் இருக்கும் தொகுதி அலுவலகத்துக்கு. அங்கே கூட்டம் குறைவு. சபை கூடாத வாரங்களில் உறுப்பினரையே நேரில் பார்க்க வாய்ப்பு உண்டு. அலுவலக இணையதளத்தில் சந்திப்புப் படிவம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் காகிதம் கொடுக்காதீர்கள். தொகுதியில் வேலை கொடுக்கும் யாராவது ஒருவரை, ஆஸ்பத்திரி நிர்வாகியோ சின்னக் கம்பெனி முதலாளியோ, முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். மறுநாளே நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அந்த உதவியாளர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். போயிருந்தால், புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்லுங்கள்.