ஆலன் ரோடு நின்ன இடம்

டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஆலன் ரோட்டில் விர்ருனு போன கார் எக்ளிண்டன் சிக்னலில் நின்னுது. ரோடு அவ்வளவுதான். அந்த விரைவுச்சாலை ஸ்பாடைனாங்கற தெருப் பக்கமா நகரத்துக்குள்ள இறங்க வேண்டியது. குடியிருக்கிறவங்க போராட, 1971ல் மாகாண முதல்வர் பில் டேவிஸ் நிறுத்திட்டாருங்க. இப்ப ஸ்பாடைனா நடுவில் டிராம் ஓடுது, 1997ல் இருந்து. சைனா டவுன் காய்கடை வாசல்ல ஒரு பாட்டி இஞ்சியைக் கிள்ளி மோந்து பார்த்தாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

எங்க கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டுப் புளியமரங்க ஞாபகம்தான். துடியலூர் பக்கம் நடக்கிறப்ப அமுச்சி, எங்கம்மாவோட அம்மா, உதிர்ந்த புளியங்காயை முந்தானையில் துடைச்சுத் தருவாங்க. ஓடு உடைஞ்சா பச்சை வாசம். ரோட்டை அகலப்படுத்தறோம்னு அதையெல்லாம் வெட்டினாங்க. ரம்பச் சத்தம் வீட்டுக்கே கேட்டுது. நான் வெளியவே வரலைங்க.