வரப்பு உடைப்பும் கைநாட்டும்: ஓர் ஆய்வு அனுமதிக்காக அலைந்த கதை

கையால் செய்த கெடுதலைவிட, தடுக்க முடிந்தும் தடுக்காமல் விட்ட கெடுதலை மனிதர்கள் இலேசாக எடைபோடுகிறார்கள் என்பது ஒழுக்க உளவியலில் பலமுறை காட்டப்பட்ட போக்கு. தண்ணீருக்கு அடுத்தவர் கையை நம்பியிருக்கும் கடைமடை விவசாயிகளும் அப்படித்தான் நினைக்கிறார்களா என்பதே என் முனைவர் பட்டக் கேள்வி. ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியை ஒருவர் மேல் திருப்பலாமா என்று 1967இல் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் எழுப்பிய டிராம் வண்டிச் சிக்கலை இங்கே கேட்பதில் பொருளில்லை. ஆகவே, அடுத்த வயலின் நடவு மூழ்கும்படி வரப்பை வெட்டிவிட்ட ஒருவரையும், தானே உடைந்த வரப்பைப் பார்த்தும் அடைக்காமல் போன ஒருவரையும் வைத்துக் கதைகளை எழுதினேன்.

கதைகளை எழுதுவது எளிதாக முடிந்தது. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவின் அலுவலகத்தில்தான் எல்லாம் நின்றுபோனது. அறிவிப்புப் பலகையில் இருந்த பட்டியலின்படி எல்லாத் தாள்களையும் கொடுத்த பிறகு, தமிழ் ஒப்புதல் படிவத்தை ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்த பிரதி இல்லை என்று எழுத்தர் கோப்பைத் திருப்பிவிட்டார். அந்த விதி நியாயமானது. பட்டியலில் அதைச் சேர்க்காததும், கேட்டபோது “எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றதும் இன்றும் ஆறவில்லை. குழுவின் அடுத்த கூட்டத்துக்குள் சம்பா நடவு தொடங்கிவிட்டது, பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்தது. தை அறுவடை முடிந்த பிறகே களத்துக்குப் போக முடிந்தது. டெல்டாவில் ஆய்வு செய்பவர்கள் குழுவின் கூட்டத் தேதியையும் பயிர்ப் பட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

குழுவின் ஒரு கேள்வி உண்மையிலேயே உதவியது: கதையில் வரும் வாய்க்காலை ஊரார் தங்கள் வாய்க்காலாக எண்ணி, பழைய தகராறு கிளம்பிவிடாதா? பெயர்களையெல்லாம் நீக்கினேன். பங்காளிகள் காதில் விழும் இடத்தில் மனத்தில் உள்ளது வெளியே வராது என்பதால், டீக்கடையைத் தவிர்த்து ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன்.

களத்தில் பெரிய தடை மைப்பெட்டிதான். படிவம் முழுவதையும் வாசிக்கக் கேட்டுத் தலையசைத்த ஒரு பெரியவர், மைப்பெட்டியைக் கண்டதும் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். “தம்பி, என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன். கைநாட்டு மட்டும் கேக்காதீங்க, நெலத்து விஷயம்.” ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரின் ஒப்புதலுக்கு நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சாட்சியாக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் படிவத்தை வரி வரியாக மறுபடி வாசித்து, இதில் பட்டா எண்ணும் சர்வே எண்ணும் எங்கும் இல்லை என்று காட்டிய பிறகே பெரியவர் கை நீட்டினார். ஊர் நம்பும் சாட்சியை முதல் நாளே தேடிக்கொள்ளுங்கள். கடன் கொடுப்பவரையும் கட்சிக்காரரையும் அழைக்க வேண்டாம்.

தரவு வந்தபோது, தலைமடைக்கும் கடைமடைக்கும் நான் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை. சிறு விவசாயிகளை மட்டும் பிரித்துப் பார்த்து, அதையே முதலிலிருந்து கருதுகோளாக வைத்திருந்ததுபோல் எழுதலாம் என்று துறையில் ஒருவர் யோசனை சொன்னார். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு அளவே மீண்டும் தேறியதற்கு இத்தகைய பழக்கங்களும் காரணமாகப் பேசப்பட்டன. கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் களத்துக்குப் போகும் முன்பே ஆய்வுத் திட்டங்களை முன்பதிவு செய்ய உதவும் ஓ.எஸ்.எஃப். இணையதளத்தில் பதிந்து வைத்திருந்ததால், தேதியுடன் இருந்த அந்தப் பதிவை அச்செடுத்து மேசையில் வைத்தேன். பேச்சு அத்துடன் முடிந்தது. இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை, நான்கு ஆண்டுகள் வரை பிறர் பார்வைக்கு மறைத்தும் வைக்கலாம். சிறு விவசாயிகள் பற்றிய பகுப்பாய்வு, தரவைப் பார்த்த பின் செய்தது என்ற குறிப்புடன் ஆய்வேட்டில் தனிப் பிரிவாக இருக்கிறது.