ரெண்டு எண்டால் ஒண்டரை

எங்கள் வீட்டில் மரவேலை என்றால் ஆசாரி வருவார். கதவு இழுத்துப் பிடித்தாலும் அவர்தான், கட்டில் ஆடினாலும் அவர்தான். அவர் சாமான் பையைப் பிரிப்பதற்குள் அப்பா கூலி பேசத் தொடங்கிவிடுவார், அம்மா டீ போடப் போய்விடுவாள். முப்பத்து நான்கு வயது வரை ஒரு திருகாணியை நேராக முடுக்கத் தெரியாமலேயே நான் வளர்ந்துவிட்டேன்.

டொராண்டோவுக்கு வந்து, ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியேறினோம். இரண்டாவது நவம்பரில், பழைய சாமான் விற்கிற கிஜிஜி இணையதளத்தில் ஒரு மீன் தொட்டி கண்ணில் பட்டது. 75 கேலன், விளக்கு, ஃபில்டர் எல்லாம் உண்டு, ஸ்டாண்ட் மட்டும் கிடையாது. வேறு ஊருக்குப் போகிறவர், விலையை அடிமாட்டுக்குக் குறைத்திருந்தார். நான் சென்னைக் கொளத்தூர்ப் பையன். தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடை, மொட்டை மாடியில்கூட சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற ஊர் அது. அந்த விலைக்கு நாலடித் தொட்டியைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா?

தொட்டி வந்தது. வெறும் கண்ணாடியே அறுபது கிலோவுக்கு மேல். அதை எங்கள் பழைய டிவி ஸ்டாண்டின்மேல் வைப்பதாகத்தான் திட்டம். கராஜில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, உதுக்கு மேலயோ வைக்கப் போறீர்?”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் இங்கே வந்து, மரச்சாமான் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். என்னை ‘நீர்’ என்றுதான் சொல்வார். சென்னைக் காதுக்கு அது முதலில் சண்டைக்கு இழுப்பது போலப் பட்டது. அதில் மரியாதையும் உரிமையும் சரிபாதி என்பது புரிய ஆறு மாதம் ஆனது.

ஒரு துண்டு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். 75 கேலன் என்பது ஏறக்குறைய 284 லிட்டர். தண்ணீரே 284 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் நானூறை ஒட்டிப் போகும். எட்டு மூட்டை சிமெண்ட்டை ஆறு சதுர அடி மேஜையில் அடுக்கி, அதை ராத்திரி பகலாக அப்படியே விட்டுவைப்பது மாதிரி. டிவி ஸ்டாண்டோ மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊறிப்போன பிஸ்கட்டாகிவிடும்.

“வெல்டிங் கடை எங்கே இருக்குங்க ஐயா?” என்று கேட்டேன். ஊரில் தொட்டிக்கு ஸ்டாண்ட் என்றால் பட்டறையில் அளவு சொல்லிவிட்டு வருவோம், மறுநாள் இரும்பு ஆங்கிளில் அடித்து, பெயின்ட்டும் பூசித் தந்துவிடுவார்கள். ஐயா சிரித்துவிட்டார். “கூலிக்கு இஞ்ச ஆரைப் பிடிக்கிறது? நீர்தான் செய்யோணும். நான் பார்த்துச் சொல்லுறன்.”

சரி என்று அளவெடுக்க உட்கார்ந்தேன். தொட்டியின் அடி நாற்பத்தெட்டரை அங்குலத்துக்குப் பதினெட்டரை. இந்த நாட்டில் பாலும் பெட்ரோலும் லிட்டரில், தூரம் கிலோமீட்டரில், மரம் மட்டும் இன்னும் அடி அங்குலத்தில். வீடு கட்டுகிற சட்டம் என்றால் ‘டூ பை ஃபோர்’, இரண்டுக்கு நான்கு. ஐயாவைக் கேட்காமலேயே கடைக்குப் போனேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். எட்டடிச் சட்டம் ஒன்றில் நாற்பத்தெட்டரை அங்குலத் துண்டு இரண்டு வரும் என்று நினைத்திருந்தேன். எட்டடி என்றால் 96 அங்குலம், எனக்கு வேண்டியது 97. அதைக் கடையில் வைத்தே கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். ஐந்து சட்டம் வாங்கி, நான்கில் நீளத் துண்டுகளையும் மிச்சத்தில் கால்களையும் அங்கேயே வெட்டச் சொன்னேன். ஐந்தாவதில் குறுக்குத் துண்டுகள் ஆறு, தலா பதினாலரை அங்குலம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அங்குலச் சட்டம், நடுவே பதினாலரை, ஆக மொத்தம் பதினெட்டரை. கணக்கு சுத்தம்.

கராஜில் சட்டங்களைத் தரையில் பரப்பி, டேப்பை வைத்தால் பதினேழரை.

மறுபடி அளந்தேன். பதினேழரைதான். டேப்மேல்கூடச் சந்தேகம் வந்தது. ஐயா குனிந்து ஒரு துண்டை எடுத்து அதன் தலைப்பக்கத்தைக் காட்டினார்.

“உவங்கள் ரெண்டு எண்டு விக்கிறது ஒண்டரை, தம்பி. நாலு எண்டால் மூண்டரை.”

இரண்டுக்கு நான்கு என்பது பச்சை மரத்தை அறுக்கும்போது சொல்கிற பேச்சளவு. காய்ந்து சுருங்கி, இழைத்து வழவழப்பாகிக் கடைக்கு வரும்போது ஒன்றரைக்கு மூன்றரைதான் மிஞ்சும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புது நாட்டில் நான் தடுக்கி விழுந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். மறுபடி கடைக்குப் போய் இன்னொரு சட்டம் வாங்கி, பதினைந்தரையாக ஆறு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். இந்த முறை ஐயாவும் கூட வந்தார். அடுக்கியிருந்த மரங்களை ஒவ்வொன்றாக உருவி, ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மறு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பார்த்தார். ஏழாவதுதான் தேறியது. மற்றதெல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைசல். ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் மூன்றையும் கலந்து கட்டி ஒரே முத்திரையில் விற்கிற மரம். தேக்கைத் தடவிப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைக் கையில் எடுத்தால் தெர்மாகோல் போல இருந்தது. ஆனால் நிற்க வைத்துப் பாரத்தை மேலே ஏற்றினால் அசையாது.

ஐயா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பாரம் மரத்தில் இறங்க வேண்டும், திருகாணியில் தொங்கக்கூடாது. மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்துத் திருகினால் நானூறு கிலோவும் நாலைந்து திருகாணியின் கழுத்தில் விழும். காலின் தலைமேல் சட்டம் உட்கார்ந்தால் பாரம் நேராகத் தரைக்குப் போய்விடும், திருகாணிக்கு மரம் நகராமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும்தான். இதைச் சொல்லிவிட்டு மூலைமட்டத்தை என் கையில் கொடுத்து, தான் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டார்.

திருகாணி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அதன் தலையில் சதுரக் குழி. பி. எல். ராபர்ட்சன் என்கிற கனடாக்காரர் 1909ல் காப்புரிமை வாங்கியது, அவருடைய தொழிற்சாலை இதே ஒன்டாரியோவின் மில்டனில் இருந்தது. நம் ஊர்ப் பிளஸ் தலை வழுக்கி வழுக்கிக் கடைசியில் மழுங்கிப் போகும். இதுவோ திருப்புளியின் முனையில் தானே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு கையால் முடுக்கலாம். திருப்புளிக் கைப்பிடிகளுக்கு அளவுக்கொரு நிறம் என்று கணக்கும் உண்டு, எனக்கு வேண்டியது சிவப்பு. இருந்தாலும் முதல் துண்டின் முனையை நான் பிளந்துவிட்டேன். அந்த நுனியில் முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ள வேண்டுமாம். பிளந்ததற்குப் பதிலாக, மிஞ்சியிருந்த கால் துண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமை போனது. கராஜில் குளிர் ஏறியதால் பசை காயாது என்று, பசை பூசும் வேலையை மட்டும் உள்ளே லாண்ட்ரி ரூமில் வைத்துச் செய்தோம். மேலே பிளைவுட் அடித்து முடித்ததும் ஐயா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, “நீரும் ஏறும்” என்றார். ஏறினேன். கீழே இருந்து என் மனைவி டீயை நீட்டினாள். கிரீச் என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்தது மட்டம். பேஸ்மென்ட் தரை பார்க்கத்தான் சமம், உள்ளபடிக்கு வடிகால் துளையை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும். ரசமட்டத்தின் குமிழ் ஒரு பக்கமாகவே ஒதுங்கியது. அதற்கு மெல்லிய சிடார் ஆப்புகள் கட்டாக விற்கிறார்கள். ஒருத்தனுக்கு ஆப்பு வைப்பதைப் பற்றி எங்கள் ஊரில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், கையால் நிஜ ஆப்பு வைத்தது இதுதான் முதல் தடவை. வைப்பதும் ஸ்டாண்டுக்குக் கீழேதான், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் கூடாது. விளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டி அந்த விளிம்பிலேயே நிற்பது, அதற்குக் கீழே ஃபோம் விரிப்பும் வேண்டாம். நாலு விரற்கடைத் தண்ணீர் விட்டு நான்கு மூலையிலும் டேப் வைத்தேன். இடது முன்மூலையில் கால் அங்குலம் கூட. ரசமட்டம் பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாது. வாளி வாளியாக மொண்டு கொட்டிவிட்டு, அந்தக் காலுக்கு இன்னொரு ஆப்பு. மறுபடி தண்ணீர். இந்தத் தடவை நான்கும் ஒன்று.

முழுக்க நிரப்பிய ராத்திரி நான் தூங்கவில்லை. குழாய் தட்டினாலும், மேலே ஐயா நடந்தாலும் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஊரில் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும். இங்கே குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்து குளோரமைன் ஆக்கி விடுகிறார்கள், அது அவ்வளவு லேசில் போகாது. மருந்து ஊற்றியே ஆக வேண்டும். அப்புறம் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்க ஐந்து வாரம். அதுவரை விளக்கு எரிய, ஹீட்டர் ஓட, வெறும் தண்ணீர்தான். ஐயா தினமும் சாயங்காலம் இறங்கி வந்து, எதிரே நாற்காலி போட்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். தொட்டியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவைக் கீழே இறக்கச் சொல்லி, கால்களையும் மூலைகளையும் நிதானமாகப் பார்த்தார்.

“வேலை பரவாயில்லடா. ஆசாரி கூலி எவ்வளவு கேட்டான்?”