குடிபோகாத வீட்டுக்கு நாலு மாதம் தவணை கட்டினோம்

நாங்கள் நங்கநல்லூரில் 18,000 ரூபாய் வாடகையில் ஏழு வருடம் இருந்தோம். நான், கணவர், அப்போது இரண்டாம் வகுப்பு படித்த மகள், என் மாமியார். எனக்கு கிண்டியில் கணக்குப் பிரிவு வேலை, அவருக்கு நுங்கம்பாக்கத்தில். இரண்டு பேர் சம்பளமும் பிடித்தம் போகக் கையில் வருவது 1,12,000 ரூபாய். ஏழு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது 22 லட்சம்.

2023 செப்டம்பரில் ஊரப்பாக்கத்தில் ஒரு த்ரீ பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். 1,380 சதுர அடி, 68 லட்சம். அத்தைக்குத் தனி அறை, மகளுக்குத் தனி அறை, பால்கனியில் நின்றால் தூரத்தில் வண்டலூர் காட்டின் பச்சை. விற்பனைப் பையன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்துட்டா ரேட் எங்கயோ போயிடும் மேடம்." திரும்பி வரும் ரயிலிலேயே கணவர் கணக்குப் போட்டுவிட்டார். "வாடகை பதினெட்டு, மாசாமாசம் சேமிக்கிறது முப்பது. ஆக நாப்பத்தெட்டு. இஎம்ஐ நாப்பத்தேழுதான் வருது. அப்புறம் என்ன யோசனை?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. 54 லட்சம் கடனுக்கு 46,862. வங்கியும் எங்கள் சம்பளத்துக்கு 60 லட்சம் வரை தருவதாகச் சொன்னது. ஆனால் வங்கி பார்ப்பது கடன் திரும்பி வருமா என்பதை. பத்தொன்பதாம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டில் என்ன சமையல் என்பது அதன் கவலை இல்லை.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு, காலை பால் பாக்கெட்டில் ஆரம்பித்து இரவு கேட் பூட்டும் வாட்ச்மேன் வரை ஒரு நாளை எழுதினேன். எழுத எழுத, வாடகை வீட்டில் நாங்கள் கொடுக்காத காசு எதுவெல்லாம் என்று தெரிந்தது.

முதலில் மெயின்டனன்ஸ். அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் நேராகப் போய் வாட்ச்மேனிடமும் அசோசியேஷன் செயலாளர்களிடமும் கேட்டேன். பில்டர் கையில் இருக்கும்வரை சதுர அடிக்கு இரண்டரை என்பார்கள், அசோசியேஷன் எடுத்து நடத்த ஆரம்பித்ததும் மூன்றரைக்கு வந்து நிற்கும். 1,380 அடிக்கு 4,830 ரூபாய். இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு எரிச்சல் உண்டு. மெயின்டனன்ஸ் போடுவது படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாம் சேர்த்த விற்பனைப் பரப்புக்கு. சுவருக்குள் நாம் காலை வைக்கும் கார்ப்பெட் ஏரியா அதில் எழுபது சதவீதம் தேறினால் அதிகம். பொது மின்சாரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10 வீட்டுக்கு மேல் போகாத, 3 மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை 2023-ல் குறைத்தார்கள். லிஃப்ட் வைத்த கட்டடம் என்றால் அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது போக்குவரத்து. ரயில் சீசன் டிக்கெட் ஒரு செலவே அல்ல, இரண்டு பேருக்கும் சேர்த்தே 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். செலவு வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரையிலான அந்த இரண்டரை கிலோமீட்டரில் இருந்தது. வண்டிக்குப் பெட்ரோல், ஸ்டேஷன் வாசலில் வண்டி நிறுத்தும் காசு, மழை நாளில் ஷேர் ஆட்டோ. தாம்பரம் வரை வண்டிக்குப் பஞ்சமில்லை, செங்கல்பட்டு வண்டி அப்படியல்ல. ஒன்றை விட்டால் தாம்பரத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ. எல்லாம் சேர்த்து 2,200 போட்டேன். மகள் நடந்தே போன பள்ளிக்கூடம் இனி வேனில் போகும் பள்ளிக்கூடம், 1,800. லாரித் தண்ணீரும் குடிநீர் கேனும் 700. வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும், அதையும் சில்லறைகளையும் மாதத்துக்குப் பிரித்தால் 500. குழாய், மோட்டார், ஸ்விட்ச் என்று எது போனாலும் இனி ஹவுஸ் ஓனரைக் கூப்பிட முடியாது, அதற்கு 1,000.

கடன் வாங்குபவர் பெயரில் இன்ஷூரன்ஸ் இன்னொரு கதை. வங்கியில் ஒரே தவணையாக லட்சத்துக்கு மேல் ஒரு பாலிசியைக் கடனோடு சேர்த்துப் போடச் சொன்னார்கள். கட்டாயமா என்று கேட்டதற்கு "எல்லாரும் போடுறாங்க மேடம்" என்றுதான் பதில் வந்தது, கட்டாயம் என்று யாரும் எழுதித் தரவில்லை. அந்தப் பாலிசித் தொகைக்கும் 20 வருடம் வட்டி கட்டவேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நான் போட்டுப் பார்த்தேன். அது வேண்டாம் என்று, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசியைத் தனியாக எடுத்தோம், மாதம் 1,400.

நோட்டை அத்தையிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை ஆஞ்சநேயரை எந்தக் கணக்குல எழுதியிருக்கே?" என்றார். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர். முழங்கால் வலிக்குப் பார்க்கும் டாக்டரும் அதே தெருப்பக்கம். பழவந்தாங்கலில் இறங்கி ஆட்டோ, திரும்ப ஆட்டோ. மாதம் 800 என்று கடைசி வரியாக எழுதினேன். இந்த நோட்டிலேயே ஒரு ரூபாய் கூடக் குறையாமல் இன்றுவரை நடக்கும் வரி அதுதான்.

கூட்டினால் 13,230. தவணையோடு சேர்த்து 60,092. கைவசம் இருந்த 48,000-க்கு மேல் 12,000 துண்டு விழுந்தது.

கணவருடைய தாளில் "வருமான வரி மிச்சம் 5,000" என்று ஒரு வரி வேறு இருந்தது. வீட்டுக் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம் என்பது பழைய வரி முறையில். நாங்கள் இரண்டு பேரும் புதிய முறைக்கு மாறியிருந்தோம், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு அதில் அந்தக் கழிவு கிடையாது. அந்த 5,000-ஐ நானே அடித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நீ எல்லாத்தையும் கூட்டிக் கூட்டிப் போடுற. வாழ ஆரம்பிச்சா தானா சரியாயிடும்" என்றார். சரி, வாழ்ந்தே பார்த்துவிடலாம் என்றேன். அப்படித்தான் ஒத்திகை ஆரம்பித்தது. சும்மா கிடந்த ஒரு சேமிப்புக் கணக்கில், ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி 60,000-த்தில் வாடகை 18,000 போக மீதி 42,000-த்தைப் போட்டுவிட வேண்டும். தொடக்கூடாது. நாலு மாதம் முடிந்தால் ஊரப்பாக்கம் வீட்டுக்கு அட்வான்ஸ்.

அக்டோபரில் 42,000 போனது. வெளியே சாப்பிடுவதை நிறுத்தினோம், மகளின் பாட்டு வகுப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். நவம்பரிலும் 42,000 போனது, ஆனால் அது தீபாவளி போனஸ் புண்ணியம், அதைக் கள்ள ஆட்டம் என்றே எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் நின்ற தண்ணீரில் ஸ்கூட்டர் முழுகி, மெக்கானிக் 6,500 வாங்கினார். வீட்டுக்கும் ஏதேதோ வாங்க வேண்டியிருந்தது. 25,000-தான் போட முடிந்தது. ஜனவரியில் பள்ளி டெர்ம் ஃபீஸ், 31,000. நிஜத் தவணையாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதமும் காசோலை திரும்பி, அபராதமும் போட்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கியிருக்கும்.

புயல் இன்னொரு உபகாரமும் செய்தது. தண்ணீர் வடிந்த மறுவாரம் முடிச்சூர், வரதராஜபுரத்துச் சேதத்தைச் செய்தியில் பார்த்துவிட்டு, நாங்கள் பார்த்து வைத்திருந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேரில் போனோம். சுவரில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு டிசம்பரை விட்டால் வேறு மாதம் இல்லை. பிடித்திருந்த ஒரு இடத்தை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தோம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார், அது போதுமாக இருந்தது.

வட்டியும் பயமுறுத்தியது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5. ஏற்கெனவே வீட்டுக் கடன் கட்டிவந்த என் அலுவலகத் தோழிக்குத் தவணைத் தொகை ஏறவில்லை, கட்டவேண்டிய வருடங்கள் ஏறின. எங்கள் 54 லட்சத்தை 10.5 சதவீதத்தில் போட்டுப் பார்த்தால் தவணை 53,900. இந்தச் சோதனைக்கு நோட்டில் ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை, ஆனால் கணவர் மனம் மாறியது அந்தப் பக்கத்தில்தான்.

பிப்ரவரியில் கூடுவாஞ்சேரியில் டபுள் பெட்ரூம் பார்த்தோம். 980 சதுர அடி, 52 லட்சம், கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கியது. அதனால் ஜிஎஸ்டி இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கியிருந்தால் 5 சதவீதம் கட்டவேண்டும். பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. 40 லட்சம் கடன் கிடைத்திருக்கும், நாங்கள் 36 லட்சம்தான் எடுத்தோம். தவணை 31,242. மெயின்டனன்ஸ் 3,430, மற்றவை பழைய பட்டியல்படியே 8,400. மொத்தம் 43,072. துண்டு விழவில்லை, மாதம் கிட்டத்தட்ட 5,000 மிஞ்சும்.

கையிலிருந்து போன மொத்தப் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மூச்சு முட்டி நிற்பதைப் பார்த்தேன். 30 லட்சத்துக்குள்ளான கடனுக்குத்தான் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டில் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. நாங்கள் போட்டது 16 லட்சம். புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து வந்த முறைப்படி, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3,64,000. விலை 50 லட்சத்துக்குள் இருந்திருந்தால் ஒரு சதவீதம் குறைந்திருக்கும், பில்டரிடம் இரண்டு லட்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தோம், மசியவில்லை. வங்கிக்கு அசல் பத்திரத்தை ஒப்படைக்கும் எம்ஓடி பதிவுக்கு 24,000, வங்கியின் வக்கீல், மதிப்பீடு, பிராசஸிங் வகையில் 18,000, பத்திர எழுத்தர் முதலான சில்லறை 10,000, அசோசியேஷனின் பொது நிதியான கார்ப்பஸுக்கு 49,000. அலமாரி, ஜன்னல் வலை, ஃபேன், கீசர் என்று 1,75,000. மொத்தம் 22 லட்சத்து 40 ஆயிரம். விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து நாமே அரசுக்குக் கட்டவேண்டும், ஆனால் அது விற்பவர் பணத்தில் போவது, கூடுதல் செலவல்ல.

சேமிப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்ட நிலையில் கையில் நின்றது ஒத்திகைப் பணம் 1,40,000 மட்டும். பழைய ஹவுஸ் ஓனர் 90,000 அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று 18,000 பிடித்துக்கொண்டு மீதி கொடுத்தார். ஏழு வருடம் கழித்து எந்தச் சுவருக்கும் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும், அதை நாங்கள் ஏன் கொடுத்தோம் என்று கேட்காதீர்கள். வைகாசியில் பதிவு. கடன் மே மாதமே வெளியானதால் இரண்டு மாதம் வாடகையும் தவணையும் சேர்ந்து போயின, நோட்டில் நான் எழுத மறந்த பெரிய தொகை அது.

குடிவந்து ஒரு வருடத்துக் கணக்கைக் கூட்டினேன். மாதச் சராசரி 45,700 வந்தது, மதிப்பீட்டைவிட 2,600 கூட. ஏப்ரல் முதல் ஜூன் வரை போர் தண்ணீர் இறங்கி, லாரிக்கு வீட்டுக்கு 900 என்று மூன்று மாதம் வசூல். சம்ப் மோட்டார் எரிந்ததற்குத் தனி வசூல் 3,500. உப்புத் தண்ணீரில் கீசர் காயில் ஒரே வருடத்தில் போனது. புது வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்களை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் "மற்றவை" என்று போட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வரி.

குறைந்தது ஒன்றே ஒன்று, மின்சாரம். வாடகை வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார், மாதம் 1,350. இங்கே சொந்த இணைப்பு, இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால், அதில் 100 யூனிட் இலவசம் போக, அந்த வருடம் 700 சொச்சம் வந்தது. கோடையில் மட்டும் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு யூனிட் தாண்டினாலும் கீழே இருக்கும் சலுகை விலை போய்விடும். மே மாதம் முழுக்க அத்தை ஏசி ரிமோட்டைத் தன் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

2025-ல் ரெப்போ பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ஒரு சதவீதம் இறங்கியது. எங்கள் தவணை அதே 31,242-தான், காலம்தான் குறைந்திருக்கிறது. தொகையைக் குறைக்கச் சொல்லலாமா என்று கணவர் கேட்டார், வேண்டாம் என்றேன். அந்த ஒத்திகைக் கணக்கில் இப்போதும் மாதம் 2,000 போட்டு வருகிறோம். லிஃப்ட் கம்பி வடம் மாற்றவேண்டுமாம், வீட்டுக்கு எவ்வளவு என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் சொல்வார்கள்.