எத்தியோப்பியாவிலிருந்து ஐசிசிஆர் உதவித்தொகை: என் மாணவியோடு அலைந்த அனுபவம்

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசிரியர்கள் இங்கே பலர் உண்டு, அதனால் இந்தியாவில் மேற்படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் எங்களைத்தான் தேடி வருவார்கள். 2024-இல் என் மாணவி ஒருத்தி இந்தியாவில் எம்.எஸ்சி. படிக்க, இந்திய அரசின் கலாசார உறவு மன்றமான ஐசிசிஆர் (ICCR) தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது முழுக்கக் கூடவே இருந்தேன். மதிப்பெண்ணில் அவளுக்குக் குறையே இல்லை. பாடாய்ப் படுத்தியது தேதியும் பெயரும்தான்.

எத்தியோப்பிய நாட்காட்டி ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுவது, வருடத்துக்கு 13 மாதம். பிறப்புச் சான்றிதழில் அவள் பிறந்தது 1991, பாஸ்போர்ட்டில் 1999 ஜனவரி, இரண்டும் சரி. ஆனால் முதுகலைக்கு வயது வரம்பு 30. விவரம் தெரியாதவர் சான்றிதழை மட்டும் பார்த்தால் 33 வயது என்று கணக்குப் போட்டு ஒதுக்கிவிடுவார். பெயர் அடுத்த சிக்கல். இங்கே குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகப் போகும். பள்ளிச் சான்றிதழில் இரண்டு பெயர், பாஸ்போர்ட்டில் மூன்று, போதாததற்கு அம்ஹாரிக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் படிவங்களோடு மல்லுக்கட்டிய நமக்கு இது நன்றாகப் புரியும். ஒரு அலுவலகத்தில் காரணமே சொல்லாமல் தாள்களைத் திருப்பித் தந்தார்கள், பாவம், அன்று அவள் அழுதேவிட்டாள்.

கடைசியில் எல்லாச் சான்றிதழ்களையும் இரண்டு நாட்காட்டித் தேதிகளும் தெரிகிற மாதிரி மொழிபெயர்த்து, எல்லாத் தாள்களிலும் உள்ள பெயர் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அடிஸ் அபாபாவில் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கினோம். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் போட்டோம். இதற்கே பெரும்பாலான நேரம் போய்விட்டது.

இதோடு ஒப்பிட்டால் ஐசிசிஆரின் விண்ணப்ப இணையதளமான ஏடுஏ-வில் (A2A) விண்ணப்பிப்பது சுலபம். ஐந்து பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் தர வேண்டும், ஆங்கிலத்தில் 500 சொல் கட்டுரை ஒன்று. பெயர் பெற்ற ஐந்தையே அடுக்காமல், அந்தத் துறை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துப் போடச் சொன்னேன். மருத்துவம் இதில் கிடையாது, அதைக் கேட்டு வருகிற பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கல்விக் கட்டணத்தை ஐசிசிஆர் கட்டிவிடும், முதுகலைக்கு மாதம் 20,000 ரூபாயும் வாடகைக்குத் தனித் தொகையும் உண்டு. ஆனால் இந்தியா வந்து இறங்கிய அன்றே முதல் மாதப் பணம் கைக்கு வராது, பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் முடிய வேண்டும். அதுவரை சமாளிக்கக் கையில் பணம் வேண்டும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய சுவர். 2015-இல் டில்லியில் நடந்த இந்திய-ஆப்பிரிக்க உச்சிமாநாட்டில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு ஐந்தாண்டுகளில் 50,000 உதவித்தொகை என்று இந்தியா அறிவித்தது, மனதார வரவேற்கிறேன். வந்து இறங்கும் பிள்ளைக்கு விமான நிலையத்திலேயே ஒரு முன்பணம் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டு அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள். வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓ-வில் (FRRO) பதிவுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். அவள் இப்போது சென்னையில் படிக்கிறாள். அடுத்து விண்ணப்பிக்க நினைக்கும் இரண்டு பேரிடம், தளம் திறக்கும்வரை காத்திருக்காமல் சான்றிதழ் மொழிபெயர்ப்பை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.