யிஷிங் கெண்டி: முத்திரையைக் கடைசியில் பார்க்கிறேன்

கடையில் ஒரு சீனத் தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்தால், இப்போதெல்லாம் முதலில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அடியிலுள்ள முத்திரைக்குக் கடைசியில்தான் வருவேன். இந்தப் பழக்கம் படிவதற்குள் சிங்கப்பூரில் பழம்பொருள் விற்கும் கடைகளில் பாதியாவது ஏறி இறங்கியிருப்பேன்.

நான் சேர்ப்பது யிஷிங் கெண்டிகள் மட்டும். ஜியாங்சு மாநிலத்தில் தாய் ஏரிக்கு மேற்கே இருக்கிறது யிஷிங். அதில் திங்ஷூ என்ற ஊர்தான் கெண்டித் தொழிலின் மையம். பக்கத்து ஹுவாங்லோங் மலையில் வெட்டியெடுத்த ஸிஷா (ஊதா மணல்) என்ற மண்ணால்தான் இந்தக் கெண்டிகளுக்குப் புகழ் வந்தது. மண் என்று சொல்கிறோமே தவிர, கட்டி கட்டியான பாறையாகத்தான் வெளியே வரும். அதை வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, அரைத்து, சலித்து, தண்ணீர் சேர்த்து அடித்துப் பதப்படுத்துவார்கள். மேல்பூச்சு எதுவும் கிடையாது. ஊதா கலந்த பழுப்பு, சிவப்பு, வெளிர் மஞ்சள் என்று வரும் நிறங்களில் பெரும்பங்கு மண்ணிலுள்ள இரும்பின் வேலை.

உள்ளே ஏன் பார்க்க வேண்டும்? செய்முறை அங்கேதான் தெரியும். யிஷிங்கில் மரபாகச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை மரச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, பட்டையாக வெட்டி, வளைத்து இரு முனைகளையும் ஒட்டிக் குழாய் மாதிரி நிறுத்துகிறார்கள். பிறகு மரத்தட்டையால் வெளியே தட்டிக்கொண்டே, உள்ளே விரலை வைத்துத் தாங்கி, வாயையும் அடியையும் உள்நோக்கி வளைத்து வயிறு வர வைக்கிறார்கள். மேலும் கீழும் வட்டத் தகடுகளை மண்குழம்பால் ஒட்டுவார்கள். பட்டையின் இரு முனைகளும் சேர்ந்த ஒட்டு பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம் வரும். என்னிடமுள்ள பேரிக்காய் வடிவக் கெண்டியில், கைப்பிடிக்கு நேர் உள்ளே செங்குத்தாக ஒரு மெல்லிய தழும்பு இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்ட கருவியின் கீறல்கள் இடமும் வலமுமாக ஓடுகின்றன. நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

உள்ளே வட்டவட்டமாக விரல் வரிகள் ஏறினால் அது சக்கரத்தில் வனைந்தது, அநேகமாகத் தென்சீன நகரமான சாவ்ஜோவின் சிவப்பு மண் கெண்டி. அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் யிஷிங் விலை கொடுக்கக் கூடாது. எந்தச் சுவடும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் மண்கூழை அச்சில் ஊற்றி எடுத்ததோ என்று சந்தேகம் வரும். கையால் தட்டிய பிறகு அச்சில் வைத்துச் சரிசெய்த ரகமும் நிறைய உண்டு, அதைப் பிரித்தறிய எனக்கு இன்னும் கண் பழகவில்லை.

அப்புறம் மூக்கு. மூக்கு உடலோடு சேரும் இடத்தில் பழைய சிறு கெண்டிகளில் பெரும்பாலும் ஒரே துளை இருக்கும். கெண்டியின் உள்பக்கம் புடைத்த பந்து போன்ற சல்லடை 1970களில் ஜப்பானியச் சந்தைக்காகப் பரவியது. ஒரு கடைப் பெரியவர் சிறு கெண்டி ஒன்றைக் காட்டி, "சிங் வம்ச காலத்துச் சாமான், நூற்றைம்பது வருஷம்" என்றார். "அங்கிள், உள்ளே பந்துச் சல்லடை இருக்கே?" என்று கேட்டேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விலை அங்கேயே பாதியானது, நான்தான் வாங்கவில்லை.

முத்திரை விஷயத்துக்கு வருவோம். ஹுய் மெங்ச்சென் என்ற 17ஆம் நூற்றாண்டுக் கைவினைஞரின் பெயர், அவருக்குப் பின் வந்த எத்தனையோ சிறு கெண்டிகளில் குத்தப்பட்டது. 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சரக்கிலும் அது உண்டு. ஆகவே அந்தப் பெயர் வயதைச் சொல்லாது. அதைவிட எனக்குப் பயன்பட்டது 'சீன யிஷிங்' என்ற நான்கெழுத்துச் சதுர முத்திரை. 1950களில் குயவர் கூட்டுறவிலிருந்து வளர்ந்த அரசு ஆலையின் ஏற்றுமதிச் சரக்கில் இது பரவலாக வந்தது. அந்தக் காலத்தில் ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியாவில் மலிவாக விற்றதால்தான் இன்றும் இங்கே பழைய வீடுகளைக் காலி செய்யும்போது கிடைக்கிறது. இதற்கும் போலி உண்டு, சொல்லவே வேண்டாம்.

வீட்டில் செய்து பார்த்தவை சில. ஷுய்பிங் என்ற சிறிய வகையைக் கண்ணாடி மேசையில் மூடியில்லாமல் கவிழ்த்தால் மூக்கு நுனி, வாய் விளிம்பு, கைப்பிடி உச்சி மூன்றும் ஒரே மட்டத்தில் தொட வேண்டும். தண்ணீரில் விட்டால் சாயாமல் மிதக்க வேண்டும். என்னுடையது கொஞ்சம் கைப்பிடிப் பக்கம் சாய்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஊற்றும்போது மூடியின் காற்றுத் துளையை விரலால் அடைத்தால் தண்ணீர் நிற்கும் சோதனையைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். மூடி பொருந்துகிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை. மெருகிட்டுப் பொருத்திய புதிய மூடிகள் பழையவற்றைவிட நன்றாகவே நிறுத்துகின்றன.

கருத்துப் பளபளத்த 'பழைய' கெண்டி ஒன்றைக் கொதிநீரில் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது, தண்ணீர் பழுப்பாகி மெழுகு வாடை வந்தது. தேநீரால் ஏறும் மெருகு அப்படிக் கழுவினால் போகாது. கண்ணைப் பறிக்கும் பச்சை, நீலம் பக்கமே நான் போவதில்லை. மண்ணில் நிறமூட்டும் ரசாயனம் கலப்பதைப் பற்றி 2010இல் சீன அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்தியது.

ருசி மாறுமா என்பதையும் பார்த்தேன். ஒரே ஊலோங் இலை, ஒரே அளவு, ஒரே கொதிநீர். பீங்கானில் வாசனை தூக்கலாக இருந்தது, ஊதா மண்ணில் கொஞ்சம் அடங்கியது. பூஅர் தேநீருக்கு அந்த அடக்கம் நன்றாக இருக்கிறது, ஊலோங்குக்கு எனக்குப் பீங்கானே போதும். கெண்டிப் பிரியர்கள் இதற்குச் சண்டைக்கு வரலாம்.

நல்லவற்றைப் பார்த்துப் பழக ஹாங்காங்கில் 1984இல் திறந்த ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் தேநீர்க்கல அருங்காட்சியகம் சிறந்த இடம். அதன் அடித்தளமே வீட்டாசாய் சோயாபால் நிறுவனத்தைத் தொடங்கிய கே. எஸ். லோ கொடுத்த சேகரிப்பு. நமக்குப் பக்கத்தில், ஜொகூரின் தெசாரு கடலோரம் கிடைத்த 19ஆம் நூற்றாண்டுக் கப்பலிலும் யிஷிங் கெண்டிகள் ஏராளம் இருந்தன. அவற்றின் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட உதவுகிறது.

இப்போது கண்வைத்திருப்பது ஜூனி என்ற யிஷிங் சிவப்பு மண்ணால் செய்த ஒரு கெண்டி. இந்த மண் சூளையில் ரொம்பச் சுருங்கும், அதனால் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழும். கடையிலுள்ளதில் சுருக்கமும் இருக்கிறது, உள்ளே ஒட்டும் தெரிகிறது. ஆனால் மூடியின் சிவப்பு உடலோடு ஒத்துப்போகவில்லை. வேறு கெண்டியின் மூடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லி விலை கேட்டிருக்கிறேன், கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.