பின்வரிசைப் பெரியப்பா

50 மி.மீ. லென்ஸ் வாங்கிய இரண்டாவது வாரம். வீட்டில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் பாட்டி, பெரியம்மா, அக்கா மகன்; பின்னால் நால்வர் நின்றார்கள். பின்னணி அழகாக மங்க வேண்டும் என்ற ஆசையில் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை எஃப் 1.8 வரை முழுசாகத் திறந்து வைத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பிரமாதம். இரவு கணினியில் பெரிதாக்கினால், பாட்டியின் மூக்குக்கண்ணாடித் திருகு வரை துல்லியம், பின்வரிசை மொத்தமும் கலங்கல்.

"ஏதோ மங்கலா விழும்னு சொன்னியே, அது நான்தானா?" என்றார் பெரியப்பா.

நான் நான்கு மீட்டர் தள்ளி நின்று பாட்டியின் கண்ணில் ஃபோகஸ் வைத்திருந்தேன். அந்தத் தூரத்தில், எஃப் 1.8இல், என் கேமராவில் கண்ணுக்குப் பின்னால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் அதற்குள் எப்படி அடங்குவார்? எண் சிறுத்தால் துவாரம் பெரிது, கூர்மை விழும் ஆழம் குறைவு. ஒருவரை மட்டும் எடுக்கும்போது 1.8 அல்லது 2.8 சரி. இரண்டு வரிசை என்றால் 5.6க்குக் கீழே போவதில்லை, வெளிச்சம் இருந்தால் 8.

சரி, 5.6 வைத்து அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். இந்த முறை பெரியப்பா தெளிவு, அக்கா மகனுக்கு முகமே இல்லை. 1.8இலிருந்து 5.6க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட, வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவான ஷட்டரின் வேகத்தைக் கேமரா 1/25 நொடிக்கு இறக்கிவிட்டது. அந்த வயதுப் பையன் 1/25 நொடி அசையாமல் இருப்பானா?

வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை ஏற்றியிருக்கலாம். ஆனால் ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும் என்று எங்கோ படித்துவிட்டு, 100ஐ விட்டு நகராமல் இருந்தேன். பயந்தது வீண். புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், சிறிய பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. ஆடிப்போன முகத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. இப்போது 1600, 3200 எல்லாம் கூசாமல் வைக்கிறேன். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/125, குழந்தை இருந்தால் 1/250, ஓட ஆரம்பித்துவிட்டால் 1/500. அப்பெர்ச்சரை மட்டும் நாம் வைக்கும் 'ஏ' அல்லது 'ஏவி' மோடில் போட்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று மெனுவில் ஓர் எல்லை வைத்துவிட்டால் போதும். பல கேமராக்களில் அந்த வசதி இருக்கிறது. முழு மேனுவல் மோடு தெரிந்தால்தான் புகைப்படக்காரர் என்பதெல்லாம் வெறும் வீம்பு.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் என்றால், 18இல் வைத்துக் கிட்டப் போகாதீர்கள். ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டு விழுவார், பழி உங்கள் மேல். 35க்கு ஏற்றி, பின்னால் நகருங்கள்.

வெளிச்சத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஜன்னல். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, உள்ளே எரியும் விளக்கை அணைத்துவிடுவேன். மேலேயிருந்து விழும் விளக்கு கண்குழியில் நிழல் போடும். போதாததற்கு, ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வேறொரு நிறம் என்று முகம் பாதி நீலம், பாதி மஞ்சளாகிவிடும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால்தான் அமையும் என்றால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 1க்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் முகம் கருத்துவிடும்.

பாட்டிக்கு மட்டும் எந்த எண்ணும் உதவாது. கேமராவைத் தூக்கினாலே முதுகு நிமிர்ந்து, உதடு இறுகி, பாஸ்போர்ட் முகம் வந்துவிடும். "சிரிங்க பாட்டி" என்றால் இன்னும் மோசம். அதனால் ஒப்புக்கு இரண்டு எடுத்துவிட்டு, "முடிஞ்சுது பாட்டி" என்பேன். தோள் தளரும், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்புவார். அப்போது தொடர்ச்சியாக ஐந்தாறு. ஏழு பேரில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார் என்பதற்கும் இதுவே மருந்து.

போன மாதம் மறுபடி எல்லோரும் கூடினோம். நான் கேமரா முக்காலியை விரிப்பதற்குள் பெரியப்பா வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.